நண்டுக்கு வலிக்குமா, டாக்டர்?

வாசகர் கேள்வி – பதில் பகுதி. பதில் அளிப்பவர் நாகர்கோவிலில் வசிக்கும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். "உயிரோடு இருக்கும் நண்டின் காலை ஒடித்துச் சமைக்காதீர்கள்" என்று சென்ற இதழில் அவர் எழுதிய ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழின் கேள்விகள்.

கேள்வி: எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து நண்டை உயிரோடுதான் ஓடு பிய்த்துச் சுத்தம் செய்கிறோம். செத்த நண்டு என்றால் வயிற்றுக்கு ஆகாது என்று பயம். நண்டுக்கு உண்மையிலேயே வலிக்கிறதா? கால் தானாக உதறுவதைத்தான் நாம் வலி என்று நினைத்துக்கொள்கிறோமா?
— வாசகி, குளச்சல்

பதில்: சகோதரி, உங்கள் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. சூடான தோசைக்கல்லில் விரல் பட்டால், மூளைக்குச் செய்தி போய்ச் சேர்வதற்கு முன்பே தண்டுவடம் கையை இழுத்துவிடும். வலி என்று நாம் உணர்வது ஒரு கணம் பிந்தி வருகிறது. நண்டிடம் இருப்பது கையை இழுக்கும் அந்த அனிச்சைச் செயல் மட்டும்தானா, பின்னால் வரும் வலியும் அதற்கு உண்டா? இவை இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் எல்வுட் என்ற ஆய்வாளர் இதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தார். காலிச் சங்கைச் சுமந்துகொண்டு கரையில் ஓடும் நண்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வகை நண்டுகளின் சங்குக்குள் அவர் சிறிய மின்னதிர்ச்சி கொடுத்தார். வெறும் அனிச்சை என்றால் எல்லா நண்டும் ஒரே மாதிரி வெளியே பாய்ந்திருக்க வேண்டும். பிடிக்காத இனத்துச் சங்கில் இருந்த நண்டுகள் எளிதில் வெளியேறின. பிடித்த சங்கில் இருந்தவையோ பெரும்பாலும் பொறுத்துக்கொண்டு உள்ளேயே கிடந்தன. 2009இல் வெளிவந்த ஆய்வு இது. வீட்டை விடுவதா, அடியைத் தாங்குவதா என்று அந்தச் சிறிய உயிர் எடைபோட்டுப் பார்க்கிறது. 2013இல் கரை நண்டுகளுக்கு இரண்டு இருட்டு மறைவிடங்கள் வைத்து, ஒன்றில் மட்டும் அதிர்ச்சி கொடுத்தார்கள். சில தடவைகளிலேயே அந்த இடத்தை ஒதுக்கி மற்றதற்குப் போகப் பழகிக்கொண்டன. நடந்ததை நினைவில் வைத்து, பிடித்த இடத்தைக் கூடக் கைவிடும் உயிரின் உதறலை 'தானாக உதறுகிறது' என்று சொல்லி முடித்துவிட என்னால் முடியவில்லை.

இதுபோன்ற முந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்த ஓர் அறிக்கை 2021இல் லண்டனில் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து, 2022இல் பிரிட்டன் இயற்றிய விலங்கு நலச் சட்டத்தில் நண்டு, இறால், கணவாய் ஆகியவையும் உணர்வுள்ள உயிர்கள் என்று சேர்க்கப்பட்டன. சுவிட்சர்லாந்து 2018 முதலே சிங்கி இறாலை மயக்காமல் கொதிநீரில் போடத் தடை விதித்திருக்கிறது.

செத்த நண்டைப் பற்றிய உங்கள் பாட்டியின் பயம் நியாயமானது. செத்தபின் நண்டின் சதை வெகு வேகமாகக் கெடும். ஆகவே உயிரோடு வாங்குங்கள். கொல்லும் முறையை மட்டும் மாற்றுங்கள். ஒரு வாளியில் பொடித்த ஐஸைக் கொட்டி, நண்டு மூழ்கும் அளவு உப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். நல்ல தண்ணீர் வேண்டாம். கடல் நண்டுக்கு அது தனி வேதனை. குறைந்தது 20 நிமிடம் விடுங்கள். கண்ணைத் தொட்டால் உள்ளே இழுக்கவில்லை, காலைத் தூக்கினால் தொங்குகிறது என்றால் மரத்துப்போய்விட்டது என்று அர்த்தம். மல்லாக்கப் போட்டு, வயிற்றில் மடிந்திருக்கும் மடலைத் தூக்கி, அதன் அடியில் கூரான கம்பியை ஒரே குத்தாக இறக்குங்கள். இரண்டாவது குத்து முன்பக்கம், கண்களுக்கு நடுவே. நண்டின் நரம்பு மையங்கள் இந்த இரண்டு இடங்களில்தான் இருக்கின்றன. அதன்பின் ஓட்டைப் பிய்க்கலாம். குழம்பின் ருசியில் ஒரு குறையும் வராது.

கேள்வி: நான் அறிவியல் ஆசிரியர். ஒரு மிருகத்தின் மனதுக்குள் போய்ப் பார்த்து வந்தவர் யாருமில்லை. பார்க்க முடியாத ஒன்றை 'இருக்கிறது' என்று சொல்வது அறிவியலா, இரக்கமா?
— வாசகர், தக்கலை

பதில்: ஐயா, இதே கேள்வியைத் தாமஸ் நேகல் என்ற தத்துவ அறிஞர் 1974இல் வௌவாலை வைத்துக் கேட்டார். எதிரொலியால் உலகைக் காணும் வௌவாலுக்கு அந்த அனுபவம் எப்படி இருக்கும் என்பதை, அதன் மூளையை முழுவதும் அறிந்தால்கூட நாம் அறிய முடியாது என்பது அவர் வாதம். ஆனால் வௌவாலுக்கு அனுபவம் உண்டு என்பதில் அவருக்கு ஐயம் இல்லை. அது எப்படிப்பட்டது என்பதில்தான் நமக்கு வழி அடைபட்டிருக்கிறது. இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

உங்கள் மனதுக்குள்ளும் நான் வந்து பார்த்ததில்லை. நீங்கள் சொல்வதைக் கேட்டு நம்புகிறேன். சொல்லத் தெரியாதவர்களை என்ன செய்வது? இதற்கு மருத்துவ வரலாற்றில் ஒரு கசப்பான பதில் இருக்கிறது. 1980களின் நடுப்பகுதி வரை, பிறந்த குழந்தைகளுக்கு வலி தெரியாது, அவற்றின் அசைவெல்லாம் அனிச்சை என்று மேலை நாடுகளின் பெரிய மருத்துவமனைகளிலேயே பலர் நம்பினார்கள். பச்சிளங் குழந்தைகளுக்கு முறையான வலி நீக்கி இல்லாமல், அசையாமலிருக்க மட்டும் மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் பணிபுரிந்த இந்திய வம்சாவளி மருத்துவர் கன்வல்ஜீத் சிங் ஆனந்தும் உடன் பணியாற்றியவர்களும் 1987இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வலி நீக்கி பெற்ற குறைமாதக் குழந்தைகளின் உடல், அது பெறாத குழந்தைகளின் உடலைவிட மிகக் குறைந்த அழுத்தத்துடன் அறுவையைத் தாங்கியது என்று அதில் காட்டினார்கள். அதன் பிறகுதான் நடைமுறை மாறத் தொடங்கியது. எந்தக் குழந்தையும் வாய் திறந்து சாட்சி சொல்லவில்லை. ஹார்மோன் அளவும் இதயத் துடிப்பும் சொன்னதைக் கேட்க ஆள் வந்தார்கள், அவ்வளவுதான்.

கால்நடை மருத்துவன் ஒவ்வொரு நாளும் வாய் பேசாத நோயாளியிடம்தான் வேலை செய்கிறான். கம்பியோ ஆணியோ விழுங்கிய மாட்டைத் தோவாளைப் பக்கத்துத் தொழுவங்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முதுகு வளைந்திருக்கும். முன்னங்கால் முழங்கைகள் விலாவை விட்டு விலகி நிற்கும். மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்க மறுக்கும். திமிலுக்குப் பின்னால் முதுகைக் கிள்ளினால் ஆரோக்கியமான மாடு முதுகைத் தாழ்த்தும். இது தாழ்த்தாது, தாழ்த்தினாலும் முனகும். மூக்குக்கு அருகே காது வைத்தால்தான் அந்த முனகல் கேட்கும். பள்ளத்தில் இறங்கினால் கம்பி முன்னே நகரும், வலிக்கும் என்று அறிந்து அது வேறு வழியைத் தேர்ந்தெடுக்கிறது. இதையெல்லாம் குறித்துக்கொண்டு நோயைக் கண்டுபிடிப்பது அறிவியல் என்றால், அந்த மாட்டுக்கு வலிக்கிறது என்று சொல்வதும் அறிவியல்தான்.

2012 ஜூலையில் கேம்பிரிட்ஜில் கூடிய நரம்பியல் அறிஞர்கள், உணர்வுநிலையை உண்டாக்கும் நரம்பு அமைப்பு மனிதனுக்கு மட்டும் உரியதல்ல, பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) உள்ளிட்ட வேறு பல உயிர்களுக்கும் உண்டு என்று அறிவித்தார்கள். 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் வெளியான அறிவிப்பு இன்னும் நிதானமானது. பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் வலுவான ஆதாரம் உண்டு; மீன், தவளை, பல்லி முதலிய எல்லா முதுகெலும்பிகளுக்கும், கணவாய், நண்டு, பூச்சி போன்ற பல முதுகெலும்பிலிகளுக்கும் உணர்வுநிலை இருக்க மெய்யான சாத்தியம் உண்டு; அப்படிச் சாத்தியம் இருக்கும்போது, அந்த உயிரைப் பாதிக்கும் முடிவுகளில் அதைக் கணக்கில் எடுக்காமல் விடுவது பொறுப்பின்மை. என் கருத்தும் இதேதான். ஐயம் இருக்கும் இடத்தில், அந்த ஐயத்தின் பலனை உயிருக்குக் கொடுக்க வேண்டும். நாம் தவறாக எண்ணியிருந்தால் ஒரு வாளி ஐஸ் வீணாகும். எதிர்ப்பக்கம் தவறினால் ஏற்படும் இழப்பு எவ்வளவு என்பதைப் பச்சிளங் குழந்தைகளின் கதை சொல்லிவிட்டது.

கேள்வி: என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். நான் மீன் விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். மீனுக்கு வலிக்கும் என்று நீங்கள் எழுதினால் எங்கள் பிழைப்பையே பாவம் என்று சொல்வதுபோல இருக்கிறது. கடலில் ஆள் செத்தால் இப்படி எழுதுவீர்களா?
— மீன் விற்கும் ஒரு தாய், கடியபட்டினம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது இந்த மாவட்டக் கரை முழுதும் எப்படி அழுதது என்பதை நேரில் கண்டவன் நான். உங்கள் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. உங்கள் தொழிலைப் பாவம் என்று நான் நினைக்கவில்லை, நினைத்ததும் இல்லை. கடலோரத்தில் பிறந்த ஒருவர் மீன் பிடித்து உண்பதும், நகரத்துக் கடையில் உறையில் போட்ட இறைச்சியை எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்குவதும் ஒன்றாகாது. மீன் உயிருள்ளது என்பது உங்களுக்குத் தெரியும். வாங்குகிற எங்களில் பலருக்குத்தான் அது மறந்துபோகிறது.

ஆனால் கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? மீனுக்கு வலி உண்டு என்றுதான் இன்றைய ஆதாரங்கள் சொல்கின்றன. லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2003இல் ட்ரவுட் என்னும் குளிர்நாட்டு நன்னீர் மீனின் உதட்டில் புளிப்பு அமிலத்தைச் செலுத்தினார்கள். அந்த மீன்கள் உதட்டைத் தொட்டியின் அடியிலிருந்த சரளைக் கற்களில் உரசின. நெடுநேரம் இரை எடுக்கவில்லை. பழக்கமில்லாத பொருளைத் தொட்டிக்குள் வைத்தால் சாதாரணமாக விலகிப் போகும் மீன், அமிலம் ஏறியபோது அதைப் பொருட்படுத்தவே இல்லை. பல் வலியில் இருக்கும் மனிதருக்கு வேறெதுவும் கண்ணில் படாதே, அப்படி. மார்ஃபின் கொடுத்ததும் பழைய எச்சரிக்கை திரும்பியது. வலி நீக்கும் மருந்து மீனின் கவனத்தைத் திருப்பித் தருகிறது என்றால், அங்கே நீக்குவதற்கு ஏதோ இருந்திருக்கிறது.

இதிலிருந்து நான் சொல்ல வருவது மீன் பிடிக்காதீர்கள் என்பதல்ல. பிடிபடுவதற்கும் சாவதற்கும் நடுவே இருக்கும் நேரம் நம் கையில் இருக்கிறது. தட்டில் மூச்சுத் திணறிச் சாகும் மீனுக்கு, இனத்தைப் பொறுத்து, சில நிமிடங்களும் ஆகலாம், மணிக்கணக்கும் ஆகலாம். நெய்மீன், சூரை போன்ற பெரிய மீன் வள்ளத்துக்குள் வந்த உடனே தலையில் ஓங்கி ஓர் அடி, அல்லது கண்ணுக்குச் சற்றுப் பின்னே மேலாக மூளையில் கூர்ந்த கம்பி, பிறகு செவுளை வெட்டி ரத்தம் வடித்து ஐஸில் போடுவது. ஜப்பானிய மீனவர்கள் நெடுங்காலமாக இப்படித்தான் செய்கிறார்கள். துடித்துச் சாகாத மீனின் சதையில் அமிலம் குறைவாகச் சேரும், கெட்டியாக இருக்கும், கூடுதல் நேரம் தாங்கும், அங்கே அதற்கு நல்ல விலையும் உண்டு. நம் துறைமுகங்களில் மீனைத் தரம் பார்த்து வாங்குகிறவர்கள் இதற்குக் கூடுதல் விலை கொடுக்க முன்வர வேண்டும். பாரத்தை உங்கள் தலையில் மட்டும் ஏற்றுவது அறமாகாது.

சாளைக்கும் நெத்திலிக்கும் இது நடக்காது. ஆயிரக்கணக்கில் வரும் மீனை ஒவ்வொன்றாக யார் குத்துவது? அதற்குக் குறை சொல்ல மாட்டேன். வந்தவுடன் ஐஸும் கடல்நீரும் கலந்த தொட்டியில் கொட்டினால் வெயிலில் கிடந்து சாவதைவிட மேல்.

கேள்வி: எங்கள் வீட்டு நாய் கண்ணாடியைப் பார்த்துக் குரைக்கிறது. தன்னைத் தானே அடையாளம் காணத் தெரியாத விலங்குக்குத் தன்னுணர்வு இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?
— கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

பதில்: கண்ணாடிச் சோதனையை 1970இல் கோர்டன் கேலப் சிம்பன்சிகளிடம் செய்தார். முகத்தில் சாயம் பூசி, கண்ணாடியில் பார்த்துத் தன் முகத்தைத் தொடுகிறதா என்று கவனித்தார், தொட்டன. 2006இல் நியூயார்க்கில் ஒரு யானையும் தேறியது. 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு சிறு கடல் மீனும் தேறுவதாக எழுதியதும் பெரிய வாக்குவாதம் கிளம்பியது. உங்கள் நாயின் உலகம் மூக்கால் ஆனது, மகளே. அதைக் கண்ணால் சோதித்துத் தோற்றுவிட்டது என்பது சரியில்லை. அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2017இல் நாய்களுக்கு வாசனைக் கண்ணாடி வைத்தார். தங்கள் சிறுநீர் மணத்தோடு வேறு மணம் கலந்திருந்தால், கலக்காததைவிட அதை அதிக நேரம் முகர்ந்தன. எப்படியிருந்தாலும், வலிப்பதற்குத் தன் முகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கைக்குழந்தைக்கும் தெரியாது.

கேள்வி: எங்கள் பசு ஈன்ற ஐந்தாம் நாள் கன்று இறந்துவிட்டது. பசு பாலை இறக்கவில்லை. கன்றின் தோலில் வைக்கோல் அடைத்துக் கட்டிவைக்கலாம் என்கிறார் மாமனார். அந்த ஜீவனை ஏமாற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்வது?
— வாசகி, பூதப்பாண்டி

பதில்: உங்கள் மனம் ஒப்பாததில் உண்மை இருக்கிறது, மகளே. மாமனார் சொல்வதிலும் அனுபவம் இருக்கிறது. அவரோடு சண்டை வேண்டாம்.

பால் மடியில் இருந்தால் மட்டும் போதாது, இறங்க வேண்டும். மடி வருடப்படும்போதும், கன்றின் வாசனையும் குரலும் எட்டும்போதும் பசுவின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலந்து மடியின் நுண்பைகளைப் பிழிகிறது. அதன் வேகம் சில நிமிடங்களில் தணிந்துவிடும். பயமோ கலக்கமோ வந்தால் அட்ரினலின் குறுக்கே நின்று பாலை நிறுத்திவிடும். உங்கள் பசு பிடிவாதம் பிடிக்கவில்லை. அதன் உடல் இப்போது கலங்கியிருக்கிறது.

வைக்கோல் கன்று வேலை செய்வது தோலில் எஞ்சியிருக்கும் வாசனையால். சில பசுக்கள் அதை நக்கிக்கொண்டே பால் இறக்குவதைப் பார்த்திருக்கிறேன். இன்னும் சில, ஒரு முறை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு இரவெல்லாம் கத்தும். உங்கள் பசு இரண்டாவது வகையானால் அதை முன்னால் நிறுத்தி வதைக்க வேண்டாம்.

என்ன செய்யலாம் என்கிறீர்களா? ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே இடத்தில் கறக்க வேண்டும். கறப்பதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் மடியைக் கழுவி, ஒரு நிமிடம் பொறுமையாக வருடிவிடுங்கள். பிண்ணாக்கும் தவிடும் அந்த நேரத்தில் முன்னால் இருக்கட்டும். கழுத்தையும் தாடையின் கீழையும் தடவிக்கொண்டு பேசுங்கள். பேச்சு அதற்குப் புரியாது, உங்கள் குரல் புரியும். அதட்டல், அடி, புது ஆள் எதுவும் கூடாது. சில நாளில் பெரும்பாலும் பழகிவிடும். தினமும் ஆக்ஸிடோசின் ஊசி போட யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பசுவின் உடல்நலத்தைக் கெடுக்கும் விதத்தில் ஊசி போட்டுப் பால் கறப்பது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி குற்றம். சிறைத் தண்டனைகூட உண்டு.

தாயைப் பிரிந்த கன்றைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், திரையில் ஒரு நிறம் வந்தால் பால் உண்டு, இன்னொரு நிறம் வந்தால் இல்லை என்று கன்றுகளைப் பழக்கினார்கள். பிறகு இரண்டுக்கும் இடைப்பட்ட நிறங்களைக் காட்டினார்கள். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பின், கன்றுகள் அந்த நடுநிறத்தை 'இதில் பால் இருக்காது' என்பதுபோல ஒதுக்கின. கொம்பு முளையைச் சுட்ட பின்னும் அதே போக்கு. 2013, 2014ஆம் ஆண்டு ஆய்வுகள் இவை. நம்பிக்கை இழப்பது என்று மனிதரிடத்தில் நாம் எதைச் சொல்கிறோமோ, அதற்கு மிக அருகில் இருக்கும் ஒன்று கன்றிடமும் இருக்கிறது. கொம்பு சுடும்போது மரத்துப்போகும் ஊசி போடச் சொல்லி உங்கள் ஊர் மருத்துவரிடம் கண்டிப்பாகக் கேளுங்கள். அதிகச் செலவு பிடிக்காத ஊசி அது.

கேள்வி: மனிதனுக்கு ஆறறிவு, மற்றவைக்கு ஐந்தறிவு என்று நம் முன்னோர் அன்றே வகுத்துவிட்டார்களே. பின் ஏன் இந்த ஆராய்ச்சிகள்?
— வாசகர், பத்மநாபபுரம்

பதில்: முன்னோர் வகுத்ததை முழுவதும் படித்துவிடலாம் ஐயா. தொல்காப்பிய மரபியலில் நண்டுக்கும் தும்பிக்கும் நான்கறிவு. மக்களை ஆறறிவு உயிர் என்று சொன்ன பிறகு, "ஒருசார் விலங்கும் உளவென மொழிப" என்றும் ஒரு நூற்பா வருகிறது. விலங்குகளிலும் ஒரு சாராருக்கு ஆறாவது அறிவு உண்டு என்கிறது அது. உரையாசிரியர்கள் கிளி, குரங்கு, யானை என்று பெயர் சொல்லியே காட்டுகிறார்கள். கதவை அடைக்காமல் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதன் வழியே உள்ளே போய்ப் பார்ப்பது நம் வேலை. பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாற்றுக் காட்டில் யானைக் கூட்டத்தைப் பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்த நூற்பாவை எளிதாக ஒப்புக்கொள்வார்கள்.

கேள்வி: பரம்பரையாகத் தேனீ வளர்க்கிறோம். பூச்சிக்குக் கூட உணர்வு உண்டு என்கிறார்களாமே. தேன் எடுப்பது திருட்டா?
— தேனீ வளர்ப்பவர், குலசேகரம்

பதில்: உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. தேனீயின் மூளையில் ஏறக்குறைய 10 லட்சம் நரம்பணுக்கள்; கடுகளவு இடம். இங்கிலாந்தில் நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் 2011இல், மேலே கன்றுக்குச் சொன்ன அதே சோதனையை, நிறத்துக்குப் பதில் வாசனையை வைத்து ஐரோப்பியத் தேனீயிடம் செய்தார்கள். எதிரி கூட்டைத் தாக்கினால் எப்படிக் குலுங்குமோ, அப்படி ஒரு நிமிடம் குலுக்கினார்கள். குலுக்கப்பட்ட தேனீக்கள் நடுத்தரமான வாசனையைக் கசப்பென்று எண்ணி ஒதுக்கின. 2022இல் லண்டனில் லார்ஸ் சிட்காவின் ஆய்வுக்கூடத்தில் வண்டுத் தேனீக்கள் (பம்பிள்பீ), இரையோ வேறு பயனோ இல்லாமல், சிறு மர உருண்டைகளைத் திரும்பத் திரும்ப உருட்டின. இளசுகள்தான் அதிகம் உருட்டின. விளையாட்டு என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

நம்முடையது இந்தியத் தேனீ. அதை வைத்து அந்தச் சோதனை நடக்கவில்லை. ஆனாலும் கையாளுவதற்கு இதிலிருந்து நிறைய எடுத்துக்கொள்ளலாம். அடையைப் பிடித்து உதறித் தேனீயைக் கொட்டாதீர்கள். மென்மையான தூரிகையால் ஒதுக்குங்கள். ரப்பர் தோட்டத்துக்குப் பெட்டி கொண்டுபோகும்போது இரவில், குலுங்காத வண்டியில் கொண்டுபோங்கள். தேனீ நசுங்கினாலோ கொட்டினாலோ வெளிவரும் அபாய வாசனையின் முக்கியமான பொருள் பழுத்த வாழைப்பழத்திலும் இருக்கிறது. மட்டிப்பழம் தின்ற கையோடு பெட்டியைத் திறக்காதீர்கள். புகை அந்த வாசனையை மறைப்பதற்குத்தான். இரண்டு மூன்று மென்மையான ஊதல் போதும்.

திருட்டா என்றால், எவ்வளவு விட்டுவைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது என்பேன். ரப்பர் தளிர்விட்டு இலைக்காம்பில் தேன் கசியும் தை, மாசி, பங்குனியில் அவை தேவைக்கு மேல் சேர்க்கின்றன. கீழே குஞ்சு அறையில் இருப்பதைத் தொடாமல் மேல் அறையில் மட்டும் எடுங்கள். மழைக்காலத்தில் பட்டினி கிடக்க விடாமல் சர்க்கரைப் பாகு வையுங்கள். மழையிலும் எதிரியிடமிருந்தும் காக்கிறீர்கள், அவை தருகின்றன. இதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி: எங்கள் குடும்பக் கோயில் கொடையில் கிடா வெட்டுவது வழக்கம். இளைஞர்கள் சிலர் நிறுத்த வேண்டும் என்கிறார்கள். பெரியவர்கள் சாமி குற்றம் என்கிறார்கள். உங்கள் கருத்து?
— கோயில் நிர்வாகி ஒருவர், ராஜாக்கமங்கலம் பகுதி

பதில்: சட்டம் தெளிவாக இருக்கிறது. மத வழக்கப்படி கொல்வதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு குற்றமாகக் கொள்வதில்லை. தமிழ்நாட்டில் 1950இல் வந்த பலித் தடைச் சட்டத்தை 2003இல் கடுமையாக அமல்படுத்த முனைந்தார்கள். 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. ஆகவே முடிவு உங்கள் குடும்பங்களுடையது. நிறுத்த முடிந்தால் நான் மகிழ்வேன். உங்கள் இளைஞர்களுக்கு என் ஆதரவைச் சொல்லுங்கள்.

நிறுத்துவதற்கு ஊர் ஒப்புக்கொள்ளும் வரை ஆட்டுக்கு நடப்பதையாவது மாற்றுங்கள். ஓர் ஆட்டின் கண் முன்னே இன்னோர் ஆட்டை வெட்டாதீர்கள். இறைச்சிக்கூடங்களுக்கான 2001ஆம் ஆண்டு விதியே அதைத் தடுக்கிறது. கோயில் வளாகத்தில் அது குறைந்துவிடலாகாது. சக ஆட்டின் குரலில் இன்பமா கலக்கமா என்பதை ஆடு பிரித்தறிகிறது என்று 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கேட்கும்போது அதன் இதயத் துடிப்பின் போக்கும் மாறுகிறது. ஆகவே மறைப்பு மட்டும் போதாது, காது எட்டாத தூரமும் வேண்டும். முதல் நாளே கொண்டுவந்து வெயிலில் கட்டிப்போட வேண்டாம். நிழல், தண்ணீர், தழை, கூடவே பழகிய ஆள். மேளமும் வெடியும் அதன் பக்கத்தில் வேண்டாம். பழகிய கை, கூரான அரிவாள், ஒரே வெட்டு. பையன்களை வெட்டிப் பழக விடாதீர்கள்.

கேள்வி: நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள்? சைவமாக மாறாமல் இதெல்லாம் பேசலாமா?
— பதினோராம் வகுப்பு மாணவர், அருமனை

பதில்: நேராகக் கேட்டதற்கு நன்றி, தம்பி. மீன் சாப்பிடுகிறேன், முன்பைவிடக் குறைவாக. ஆடும் கோழியும் விட்டுவிட்டேன். பேய்க்கணவாயைத் தொடுவதில்லை. அதன் கையில் அமிலம் ஏற்றியபோது அந்த இடத்தை அலகால் கொத்திக்கொண்டது என்றும், முன்பு பிடித்திருந்த அறையை அதன் பின் வெறுத்தது என்றும், வலி நீக்கி கிடைத்த அறையை நாடியது என்றும் ராபின் குருக் 2021இல் எழுதிய ஆய்வைப் படித்த பிறகு என்னால் முடியவில்லை. கடியபட்டினம், குளச்சல் பாறைகளில் முங்கி எடுக்கும் சிப்பியை மனநிறைவோடு சாப்பிடுகிறேன். அதற்கு மூளை கிடையாது. ஒரு சில நரம்பு முடிச்சுகள்தான். பிரிட்டன் சட்டமும் அதைச் சேர்க்கவில்லை. நாளை வேறு ஆதாரம் வந்தால் அதையும் விடுவேன்.

சைவம் மட்டும் உண்பவர்கள் கையிலும் ஒரு கேள்வி இருக்கிறது. பாலுக்காகப் பிறக்கும் காளைக் கன்று எங்கே போகிறது? ஆகவே முழுத் தூய்மை வந்த பிறகுதான் பேசலாம் என்றால் யாரும் பேச முடியாது. விலங்குகளின் பக்கம் பேச ஆளே இருக்காது. நீ சாப்பிடுவதையே சாப்பிட்டுக்கொண்டு இன்றே குறைக்கக்கூடிய வதை எவ்வளவோ இருக்கிறது. அங்கிருந்து தொடங்கு.

கேள்வி: இருசக்கர வண்டியின் இரு பக்கமும் கோழிகளைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போகிறார்கள். தினமும் பார்க்கிறேன். கோழிக்கு அது பழகியிருக்கும் என்கிறார் கடைக்காரர். யாரிடம் புகார் செய்வது?
— வாசகி, வடசேரி

பதில்: கோழிக்கு அது பழகவே பழகாது. நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசைத் திரை இருக்கிறது. பறவைக்கு அப்படி ஒன்று இல்லை. தலைகீழாகத் தொங்கும்போது குடலும் ஈரலும் காற்றுப்பைகளின் மேல் சரிந்து அழுத்தும். மூச்சு விடுவதே பாடு. முதலில் சிறகடிக்கும், பிறகு அடங்கிவிடும். அந்த அடக்கத்தைத்தான் 'பழகிவிட்டது' என்கிறார் கடைக்காரர். பல கோழிகளின் தொடையெலும்பு அங்கேயே ஒடிந்திருப்பதைத் தொட்டுப் பார்த்து அறிந்தவன் நான்.

1960ஆம் ஆண்டுச் சட்டம் மனிதன் தவிர்ந்த எல்லா உயிரையும் விலங்கு என்றே வரையறுக்கிறது. தேவையற்ற வேதனை தரும் நிலையில் ஓர் உயிரைக் கொண்டுசெல்வது அதன் 11ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை மட்டுமே என்பது வேதனையான விஷயம்; பல பத்தாண்டுகளாக அந்தத் தொகை உயரவே இல்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். மாவட்ட விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்துக்கும் எழுதலாம், அதன் தலைவர் மாவட்ட ஆட்சியர். புகாருக்கு முன் ஒரு தடவை கடைக்காரரிடமே பேசிப் பாருங்கள். வண்டியின் பின்னால் கட்டும் காற்றோட்டமான பிளாஸ்டிக் கூடையில் கோழிகள் உட்கார்ந்தபடி வரும். கால் ஒடிந்து ரத்தம் கட்டிய கோழியை வாடிக்கையாளர் ஒதுக்குவதால் வரும் நட்டமும் அவருக்கு மிச்சம். கூடையில் வந்த கோழிதான் வேண்டும் என்று உங்கள் தெருவில் நாலு வீட்டார் சேர்ந்து கேளுங்கள்.